கோவா இரும்புத்தாது ஏற்றுமதி: ஈரப்பதச் சான்றோடு பட்ட பாடு

2011 மழைக்காலம் முடிந்ததும் கோவாவிலிருந்து சீனாவுக்கு ஒரு கப்பல் இரும்புத்தாது ஃபைன்ஸ் அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. ராயல்டி, கனிமத்துறை அனுமதி, சுங்கம் எல்லாம் அலைச்சல்தான், ஆனால் வரிசையாகப் போனால் முடிந்துவிடும். என்னைத் திணற வைத்தது ஈரப்பதச் சான்று.

ஃபைன்ஸ் என்பது பொடித் தாது. ஈரம் கூடிவிட்டால், கப்பல் ஆட ஆட மொத்தச் சரக்கும் குழம்பாகி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். 2009இல் மங்களூருக்கு அருகே ஏசியன் ஃபாரஸ்ட், பாரதீப்பில் பிளாக் ரோஸ் என்று ஃபைன்ஸ் ஏற்றிய இரண்டு கப்பல்கள் மூழ்கின. 2010 கடைசியில் இந்தோனேசிய நிக்கல் தாதுவோடு போன மூன்று கப்பல்களில் 44 மாலுமிகள் இறந்தார்கள். அதனால் இந்தச் சான்றை வெறும் காகிதமாக என்னால் நினைக்க முடியவில்லை.

சரக்கு குழம்பத் தொடங்கும் ஈர அளவில் 90 சதவீதம்தான் உச்ச வரம்பு. ஏற்றுவதற்கு முந்தைய 7 நாட்களுக்குள் எடுத்த ஈரப்பதம் அதைத் தாண்டக் கூடாது. நடுவில் பலத்த மழை பெய்தால் மறுபடி சோதனை.

விற்றவர் கொடுத்த சான்றில் எல்லாம் வரம்புக்குள் இருந்தது. மாண்டவி ஆற்று வழியாக பார்ஜில் (தட்டையான சரக்குப் படகில்) கொண்டுபோய், மர்மகோவாவில் நின்ற கப்பலோடு அணைத்துக் கட்டினோம். கேப்டன் ஒரு டப்பாவில் பாதியளவு தாது போடச் சொல்லி, ஒரு சாண் உயரத்திலிருந்து இரும்புத் தளத்தில் 25 தடவை ஓங்கித் தட்ட வைத்தார். தட்டி முடித்தபோது மேலே தண்ணீர் பளபளவென்று கசிந்து நின்றது. ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். அவர் செய்ததுதான் சரி.

சரக்கு குவித்திருந்த படகுத்துறைக்குப் போய்ப் பார்த்தால் விஷயம் புரிந்தது. குவியலின் மேல்பரப்பிலிருந்து மட்டும் மாதிரி எடுத்திருக்கிறார்கள். மேலே காய்ந்த பொடி. லோடரை உள்ளே குத்தினால் வாளியில் சேறாக அப்பிக்கொள்கிறது. சரக்கைப் பரப்பி, புரட்டிப் புரட்டி வெயிலில் காயவைத்து, சாயங்காலமானால் தார்ப்பாய் போட்டோம். அப்புறம் குவியலை வெட்டி, அடி, நடு, மேல் என்று எல்லா உயரத்திலும் சரக்கைச் சோதிக்கும் சர்வேயர் முன்னால் மாதிரி எடுத்து, காற்றுப் புகாத பையில் சீல் வைத்து வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

கப்பலைக் காக்க வைத்ததற்கான டெமரேஜ் கட்டணம் நன்றாகவே ஏறியது. ஆனாலும் வாங்குபவர் ஈரத்தைக் கழித்து உலர் டன்னுக்குத்தான் பணம் தருகிறார். தண்ணீரை ஏற்றி அனுப்புவதில் யாருக்கும் லாபமில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள், சான்றில் உள்ள சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன், மாதிரியை எந்த ஆழத்தில், யார் முன்னிலையில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.