முதலில் கேட்க வேண்டியது: உள்ளே வந்தது எப்படி?

இங்கிலாந்தில் வீட்டுவசதிச் சட்ட ஆலோசனை மேசையில் இருப்பவர்களுக்கு இரண்டு விதமான அழைப்புகள் நன்றாகப் பழக்கமானவை. "என் காலி வீட்டில் யாரோ குடியேறிவிட்டார்கள், போலீஸ் வர மறுக்கிறது" என்பது ஒன்று. "வாடகை கொடுத்துத்தான் இருக்கிறேன், அத்துமீறிப் புகுந்தவன் என்று சொல்லி வீட்டுக்காரர் போலீஸைக் கூட்டி வருகிறார்" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த ஆள் முதன்முதலாக உள்ளே வந்தபோது யாருடைய அனுமதி இருந்தது?

பிறர் வீட்டில் அத்துமீறிக் குடியேறுவதைக் குற்றமாக்கி, 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 144ஆம் பிரிவு இந்தக் கேள்வியின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. சட்ட உதவி, தண்டனை தொடர்பான 2012 சட்டத்தில் உள்ள இந்தப் பிரிவு இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். குற்றமாக மூன்று விஷயங்கள் சேர வேண்டும். குடியிருப்புக் கட்டடத்துக்குள் அத்துமீறியே நுழைந்து, இப்போதும் அத்துமீறியே இருக்க வேண்டும். அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய சூழல் இருக்க வேண்டும். அங்கே வசிக்க வேண்டும், அல்லது கொஞ்ச காலமாவது வசிக்கும் எண்ணம் இருக்க வேண்டும். நடைமுறையில் அதிகபட்ச தண்டனை ஆறு மாதச் சிறை. சந்தேக நபரைக் கைது செய்யச் சீருடையில் உள்ள போலீஸ் வாரண்ட் இல்லாமலே உள்ளே போகலாம்.

போலீஸ் தயங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், வீட்டுக்காரர் கையில் எதுவும் இல்லாமல் போய் நிற்பதுதான். நிலப் பதிவேட்டின் நகல், "யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை" என்ற கையொப்பமிட்ட வாக்குமூலம், வீடு கடைசியாக எப்போது காலியானது, யார் யாரிடம் சாவி இருந்தது என்ற விவரம், சமையலறையும் குளியலறையும் தெரியும் பழைய படங்கள் ஆகியவை இருந்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

கட்டடத்தின் தன்மையிலும் பலர் தடுமாறுகிறார்கள். ஆள் நுழைவதற்கு முன்பே அது வசிப்பதற்காக வடிவமைக்கப்பட்டதாகவோ மாற்றப்பட்டதாகவோ இருக்க வேண்டும். மூடிக் கிடக்கும் அலுவலகத்தில் பாய் விரித்துப் படுத்தால் அது வீடாகிவிடாது. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் நம்மவர்கள் பலர் வைத்திருப்பது போல, கீழே கடை, மேலே ஃபிளாட் என்ற கட்டடத்தில் மேல் தளம் 144க்குள் வரும், கடை வராது. பப் ஒன்று மூடப்பட்டு, புகுந்தவர்கள் கீழ்த்தளத்தில் மட்டும் இருந்தால், மாடியில் மேலாளர் குடியிருந்த வீடு இருப்பதால் மட்டும் அது குற்றமாகாது. அங்கே உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்தப் பிரிவில் எனக்கு மிகவும் கவலை தருவது வாடகைக்கு இருப்பவர்களின் நிலைதான். குத்தகையோ அனுமதியோ முடிந்த பிறகும் வெளியேறாமல் இருப்பவர் 144இன் கீழ் குற்றவாளி அல்ல. இடையில் வெளியே போய்த் திரும்பி வந்திருந்தாலும் அல்ல. சட்டமே இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் புதிதாக நாட்டுக்கு வந்து, தெரிந்தவர் மூலம் அறை பிடித்து, மாதாமாதம் ரொக்கமாக வாடகை கொடுப்பவரிடம் இதைக் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும் என்பது அவருக்கும் தெரியாது, வாசலில் நிற்கும் போலீஸுக்கும் சில வேளை தெரியாது. அப்போது கைகொடுப்பவை சின்னச் சின்னப் பொருள்களே: வாடகை பற்றிய வாட்ஸ்அப் செய்திகள், "ரூம் ரென்ட்" என்று குறித்த வங்கிப் பரிமாற்றம், அந்த முகவரிக்கு வந்த மருத்துவமனைக் கடிதம், வீட்டுக்காரரே கொடுத்த சாவி. இவற்றின் படங்களை வீட்டுக்கு வெளியே இன்னொருவரிடமும் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். குடியிருப்பவரை முறையின்றி வெளியேற்றுவது 1977ஆம் ஆண்டின் வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு என்பதை அந்த வாசலிலேயே சொல்ல ஒருவர் இருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே நின்றுவிடும்.

போலி வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்களின் நிலை இன்னும் கடினம். அத்துமீறியவர் கொடுக்கும் அனுமதி அனுமதியாகாது என்றும் சட்டம் சொல்கிறது. அவர்களுக்கு மிஞ்சுவது "எனக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் வழியில்லை" என்ற வாதம்தான். விளம்பரம், ரசீது, உரையாடல் எதையும் அழிக்கக் கூடாது. உண்மை தெரிந்த பிறகும் அங்கேயே இருந்தால் அந்த வாதம் நாளுக்கு நாள் வலுவிழக்கும்.

2011இல் இப்படி ஒரு சட்டம் வேண்டுமா என்று அரசு கருத்துக் கேட்டபோது 2,217 பதில்கள் வந்தன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புதிய நடவடிக்கை வேண்டாம் என்றவை. இருக்கும் சட்டமே போதும் என்று சட்டத் தொழிலில் இருப்பவர்களின் அமைப்புகளும் சொல்லின. அதற்குக் காரணம் இருந்தது. விடுமுறைக்குப் போய்த் திரும்பியவரின் வீட்டில் யாரோ இருந்தால், அவர் போகச் சொல்லியும் போகாதது 1977ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி அப்போதே குற்றம். வாங்கிய வீட்டுக்குக் குடிபோகக் காத்திருப்பவருக்கும், நீதிபதி அல்லது வழக்கறிஞர் முன் கையொப்பமிட்ட அறிக்கை ஒன்று இருந்தால், அதே பாதுகாப்பு உண்டு. எனவே 144 புதிதாகக் காப்பாற்றியது யாரும் குடியிருக்காத, யாரும் குடிபோகப் போகாத வீடுகளைத்தான். தெருவில் படுப்பவர்கள் இருக்கும் நாட்டில் அந்த வீடுகளுக்குச் சிறைத் தண்டனையைக் காவலாக வைத்தது தவறான முன்னுரிமை என்றே நினைக்கிறேன்.

144க்குள் வராத கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும், வழக்கமான உரிமையியல் வழக்கைவிட வேகமான வழி 'இடைக்கால உடைமை ஆணை': வழக்கு முடியும் முன்பே புகுந்தவர்களை வெளியேறச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு. கவுண்டி நீதிமன்றத்தில் என்5, என்130 படிவங்களைக் கொடுக்க வேண்டும். புகுந்தது தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில். "பேசிப் பார்ப்போம்" என்று ஒரு மாதம் போய்விடும். விண்ணப்பம் பதிவான 24 மணி நேரத்துக்குள் அதன் நகலைக் கதவில் ஒட்ட வேண்டும். முடிந்தால் ஒளிபுகும் உறையில் போட்டுக் கடிதத் துளை வழியாகவும் போட வேண்டும். விசாரணை பதிவுக்குப் பின் குறைந்தது மூன்று நாள் கழித்து. ஆணை முத்திரையிடப்பட்ட 48 மணி நேரத்துக்குள் அதையும் சேர்ப்பிக்க வேண்டும். அதன்பின் 24 மணி நேரத்தில் வெளியேறாவிட்டால் குற்றவியல் நீதி, பொது ஒழுங்கு தொடர்பான 1994ஆம் ஆண்டின் சட்டப்படி அது குற்றம். ஒட்டிய நேரத்தைப் படமெடுத்து வைக்காதவர்கள் இங்கே சிக்கிக்கொள்கிறார்கள்.

இந்த வழியைக் கேட்பவர் சில உறுதிமொழிகளும் தர வேண்டும்: தீர்ப்பு எதிராகப் போனால் வெளியேற்றியவரைத் திரும்ப அனுமதிப்பது, இழப்பீடு கொடுப்பது, அதுவரை இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் இருப்பது. வாடகை நிலுவையோ இழப்பீடோ சேர்த்துக் கேட்டால் இந்த வழி கிடையாது. திறந்த நிலத்துக்கும் கிடையாது. முதலில் அனுமதியோடு வந்தவருக்கு எதிராகவும் கிடையாது.

பத்தாண்டு இருந்துவிட்டால் வீடு சொந்தமாகிவிடும் என்ற பேச்சைப் பற்றியும் கேட்பார்கள். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 144இன் கீழ் குற்றமாக இருப்பது மட்டுமே வீட்டைத் தன் பெயரில் பதிவு செய்யக் கோருவதைத் தடுக்காது என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 2002ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டப்படி, பதிவான உரிமையாளருக்கு முதலில் அறிவிப்புப் போகும். அவர் 65 வேலை நாளுக்குள் எதிர்த்தால் விண்ணப்பம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே பதிவேட்டில் இருக்கும் தன் தொடர்பு முகவரி இன்றும் சரிதானா என்று உரிமையாளர் பார்த்துக்கொள்வது எந்தப் பூட்டையும்விடப் பயன் தரும்.

பூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே எதிர்த்து நிற்கும் ஆள் இருப்பது தெரிந்தும் கதவை உடைத்து நுழைவது 1977ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி குற்றம். தன் சொந்த வீட்டை இழந்து வாசலில் நிற்பவருக்கு இதில் விலக்கு உண்டு. காலி வீடுகளை வைத்திருப்பவருக்கு இல்லை. அவர் கடப்பாரையோடு ஆட்களை அழைத்துப் போனால், 144இன் கீழ் புகார் கொடுக்கப் போனவர் அதே நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்க நேரிடும்.