‘மிஸ் ஆகிடுச்சு’, ‘மிஸ் பண்ணிட்டேன்’

உடைந்தது, உடைத்தேன். அழிந்தது, அழித்தேன். விடுபட்டது, விட்டுவிட்டேன். தமிழில் ஒரே செயலை இப்படி இரண்டு விதமாகச் சொல்ல முடிகிறது. முதல் வகையில் ஆளே இருப்பதில்லை. அலுவலகப் பேச்சில் இந்த முதல் வகைதான் அதிகம் புழங்குகிறது: “மெயில் மிஸ் ஆகிடுச்சு”, “ஃபைல் டெலிட் ஆகிடுச்சு”, “ரிப்போர்ட் லேட் ஆகிடுச்சு.”

இவற்றில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் கேட்பவர் தலையில் ஒரு வேலை வந்து விழுகிறது. யார், எப்போது, எப்படி என்று அவர் ஒவ்வொன்றாகத் தோண்டிக் கேட்க வேண்டும். “நான்தான் மிஸ் பண்ணிட்டேன்” என்று சொல்லிவிட்டால் அந்தத் தோண்டலுக்கு அவசியமே இல்லை. பேச்சு நேராக “சரி, இப்ப என்ன பண்ணலாம்?” என்ற இடத்துக்குப் போய்விடும்.

பொறுப்பேற்பதை நேர்மை, துணிவு என்று குணத்தோடு சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம். குணம் முக்கியம்தான். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் அதன் பலன் நேரமாகத்தான் கைக்கு வருகிறது. தவறு ஒருவருக்குத் தெரியவந்த நிமிடம் ஒன்று, தெரிய வேண்டியவர் காதுக்கு அது போய்ச்சேர்ந்த நிமிடம் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது என்பதை வைத்துத்தான் சக ஊழியர்களும் மேலாளர்களும் ஒருவரை எடைபோடுகிறார்கள். அவரால் தவறே நடக்காது என்று யாரும் நம்புவதில்லை. நடந்தால் நமக்கு உடனே தெரிந்துவிடும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை இருந்தால்தான் அவர் வேலையைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்காமல் விட முடிகிறது.

ஒரு சிறிய உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கஸ்டமருக்கு ஒரு விலைப்புள்ளி போகிறது. எக்செல் தாளில் 46 வரிகள். கடைசி இரண்டு வரிகளைப் பிறகு சேர்த்திருக்கிறார்கள். கூட்டல் ஃபார்முலா 44ஆம் வரியோடு நின்றுவிட்டது. மொத்தத் தொகை குறைவாகப் போய்விட்டது. எந்தத் துறையிலும் நடக்கும் தவறுதான் இது. முந்தைய நாள் மாலை 4 மணிக்கு அனுப்பியது, மறுநாள் காலை 11 மணிக்குத் தயாரித்தவர் கண்ணில் படுகிறது.

11.10க்குச் சொல்லிவிட்டால், பெரும்பாலும் திருத்திய ஒரு பக்கத்தோடு விஷயம் முடிந்துவிடும். கஸ்டமர் இன்னும் அந்தத் தொகையைத் தன் மேலிடத்துக்குக் கொண்டுபோயிருக்க மாட்டார். மூன்று நாள் கழித்துச் சொன்னால், அவர் ஒப்புதல் வாங்கியிருப்பார், மற்ற விலைப்புள்ளிகளை நிராகரித்திருப்பார், இந்தத் தொகையை நம்பித் தன் மேலதிகாரியிடம் வாக்குக் கொடுத்திருப்பார். இப்போது நிறுவனத்துக்கு இரண்டே வழி: நஷ்டத்தைத் தாங்குவது, அல்லது கஸ்டமரை அவருடைய மேலதிகாரி முன்னால் தலைகுனிய வைப்பது. தவறு அன்றும் இன்றும் அதே இரண்டு வரிகள்தான். விலை ஏறியது மூன்று நாள் மௌனத்தால்.

மேலாளருக்குப் போக வேண்டிய முதல் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“நேற்று மாலை 4 மணிக்கு நான் அனுப்பிய விலைப்புள்ளியில் மொத்தத் தொகை தவறு. 46 வரிகளில் கடைசி இரண்டை ஃபார்முலாவில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். திருத்திய பிரதி இணைப்பில் இருக்கிறது. கஸ்டமருக்கு இன்னும் அனுப்பவில்லை. நீங்கள் சரி என்றதும் முதலில் போனில் பேசிவிட்டு அனுப்புகிறேன். இதே டெம்ப்ளேட்டில் இந்த மாதம் போன மற்ற மூன்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 12.30க்குள் சொல்கிறேன்.”

இதில் வருத்தம் தெரிவிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. ஒருமுறை “மன்னிக்கவும்” என்று போட்டால் தவறில்லை. மூன்று முறை போட்டால், படிப்பவர் பிரச்சினையை விட்டுவிட்டு எழுதியவரைத் தேற்ற வேண்டியதாகிவிடும். காரணமும் ஒரே வாக்கியத்தோடு நிற்கிறது. அன்று வேலை எவ்வளவு நெருக்கடியாக இருந்தது, டெம்ப்ளேட்டை யார் முதலில் செய்தார்கள் என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம், ஆனால் பிறகு பேச வேண்டியவை. காரணத்தில் தொடங்கும் செய்தியைப் படிப்பவர் மூன்றாம் பத்தி வரை என்ன நடந்தது என்றே தெரியாமல் தவிப்பார்.

அந்தச் செய்தியில் மிக மதிப்புள்ள இடம் கடைசி இரண்டு வாக்கியங்கள். இதே தவறு வேறு எங்கே ஒளிந்திருக்கும் என்று தானாகத் தேடப்போவதும், அடுத்த தகவலுக்கு நேரம் குறிப்பதும் அங்கேதான் இருக்கின்றன. நேரம் குறித்துவிட்டால் அதுவரை மேலாளர் தொந்தரவு செய்ய மாட்டார். ஆனால் 12.30க்கு வேலை முடியாவிட்டாலும் 12.30க்குச் செய்தி போக வேண்டும்: “இரண்டு பார்த்தாயிற்று, சரியாக இருக்கின்றன. மூன்றாவது 1 மணிக்கு.” பலரும் கோட்டை விடுவது இங்கேதான். முதல் செய்தியை நன்றாக எழுதிவிட்டு, இரண்டாவதை முடிவு தெரியட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். 12.45க்கு மேலாளரே போன் செய்யும்படி ஆகிவிட்டால், காலையில் சம்பாதித்த நம்பிக்கையில் பாதி கரைந்துவிடும்.

தாமதமாகச் சொல்பவர்கள் எல்லோரும் மறைப்பவர்கள் என்று நினைப்பது அநியாயம். நன்றாக வேலை செய்பவர்களே அதிகம் சிக்கும் பொறி ஒன்று உண்டு: “முதலில் சரிசெய்துவிடுவோம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.” பிரச்சினையோடு போகாமல் தீர்வோடு போக வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் தனியாகச் சரிசெய்யும்போது பதற்றத்தில் இரண்டாவது தவறு நடக்கும், அது பெரும்பாலும் முதல் தவறைவிடப் பெரிதாக இருக்கும். பதினைந்து நிமிடம் முயன்றும் வழி தெரியவில்லை என்றால் கையை எடுத்துவிட்டுச் சொல்லிவிட வேண்டும். பணம், பாதுகாப்பு, மற்றவர்களின் தகவல் சம்பந்தப்பட்டதாக இருந்தால் அந்தப் பதினைந்து நிமிடமும் கிடையாது.

மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையதளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது மென்பொருள் துறையில் இன்றும் பேசப்படுகிறது. இரவு நேரத்தில் டேட்டாபேஸ் கோளாறு ஒன்றோடு போராடிக்கொண்டிருந்த பொறியாளர், துணை சர்வரில் அழிக்க நினைத்த தரவை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடிப்போனால் ஒன்றன்பின் ஒன்றாக எதுவும் கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப் எடுக்கும் கருவி, டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மெயில்களோ பெறும் பக்கத்திலேயே நிராகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

அந்த நிறுவனம் தவறை மறைக்கவில்லை. மீட்புப் பணியின் குறிப்புகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைத்தது, வேலையை நேரலையாகவே ஒளிபரப்பியது. பிறகு எழுதிய அறிக்கையில் பொறியாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. அதே அறிக்கையில், பேக்கப் வேலை செய்கிறதா என்று ஏன் யாரும் சோதிக்கவில்லை என்ற கேள்விக்கு அவர்கள் தந்த பதில்தான் கவனிக்க வேண்டியது: அந்த வேலைக்கென்று உரியவர் யாரும் இல்லை, அதனால் அதைச் சோதிக்கும் பொறுப்பும் யாரிடமும் இல்லை. கட்டளையை அடித்த விரல் ஒருவருடையதுதான். ஆனால் அந்த இரவை அவ்வளவு பயங்கரமாக்கியது, ஆளில்லாமல் கிடந்த ஒரு பொறுப்பு.

எந்த அலுவலகத்திலும் இப்படி ஆளில்லாத வேலைகள் கிடக்கும். “டீம் பார்த்துக்கும்” என்று எழுதியிருக்கும் இடங்களைத் தேடினால் கிடைத்துவிடும். மீட்டிங் குறிப்பில் ஒரு வேலைக்கு எதிரே இரண்டு பெயர் இருந்தால், பெரும்பாலும் அங்கே ஒருவரும் இல்லை என்று பொருள். இருவருமே மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள். எத்தனை பேர் சேர்ந்து செய்தாலும், பதில் சொல்ல ஒரு பெயர், ஒரு தேதி. அதை மீட்டிங் முடிவதற்குள் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கலைய வேண்டும்.

பொறுப்பும் பழியும் ஒன்றல்ல என்பதற்கு 1982இல் நடந்த டைலனால் விவகாரத்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. சிகாகோ வட்டாரத்தில் அந்த வலிநிவாரணி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்துபோனார்கள். கலந்தவர் யாரென்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் ஆலையில் நடந்ததல்ல என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். மாறாக, நாடு முழுவதும் இருந்த சுமார் 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. செலவு 10 கோடி டாலருக்கு மேல். சில வாரங்களில், திறந்தால் தெரிந்துவிடும் முத்திரையோடு புதிய புட்டிகள் வந்தன. சரிந்த விற்பனை ஓராண்டுக்குள் பெருமளவு மீண்டது. “இது என்னால் வந்ததா?” என்ற கேள்விக்கு முன்பே “இதை இப்போது என்னால் நிறுத்த முடியுமா?” என்று கேட்டதால் நடந்தது அது.

இனி, பெரிய விபத்துகளை விட்டு அன்றாடத்துக்கு வருவோம். உண்மையில் நம்பிக்கை அதிகம் சேர்வதும் கரைவதும் இங்கேதான். “பாக்கறேன்” என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டவருக்கு அது வாக்கு, சொன்னவருக்கு மரியாதைக்குச் சொன்ன பதில். இருவரும் நல்லவர்கள், வெள்ளிக்கிழமை மனஸ்தாபம் வந்துவிடுகிறது. “புதன் மதியத்துக்குள் தருகிறேன்” அல்லது “இந்த வாரம் முடியாது, திங்கள் என்றால் சரியா?” இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லும் பழக்கம் வந்தாலே பாதிப் பிரச்சினை இல்லை. முடியாது என்று முன்கூட்டிச் சொல்வதும் பொறுப்பேற்பதுதான். கேட்டவருக்கு வேறு ஆள் பார்க்க அவகாசம் கிடைக்கிறது.

“மெயில் போட்டுட்டேன், பதில் வரல” இன்னொன்று. மெயில் போடுவது வேலையில் ஒரு படி, வேலை அதோடு முடியவில்லை. ஒரு நாள் பார்த்து நினைவூட்டல், அடுத்த நாள் போன், அதற்கும் வழியில்லை என்றால் “இவரிடமிருந்து இது வராததால் இது நிற்கிறது, நீங்கள் பேச முடியுமா?” என்று மேலே சொல்ல வேண்டும். கெடு நாளன்று முதன்முறையாக “அவங்க பதில் போடல” என்று சொன்னால், அது காரணமாக இருந்தாலும் சாக்காகத்தான் கேட்கும்.

தாமதத்தைச் சொல்லவும் ஒரு நேரம் உண்டு. நான்கு நாள் வேலை என்றால் இரண்டாம் நாள் மாலை நின்று கணக்குப் பார்க்க வேண்டும். பாதி முடியவில்லை என்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும். பாதி வழியில் சொன்னால் ஆள் சேர்க்கலாம், வேலையைக் குறைக்கலாம், கெடுவை நகர்த்தலாம். நான்காம் நாள் மாலை சொன்னால் வருத்தப்படலாம், அவ்வளவுதான். “கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு” என்ற பதிலையும் தவிர்ப்பது நல்லது. முடிந்த பகுதிகள் எவை, மீதி எவை என்று பெயர் சொல்ல முடியவில்லை என்றால் மீதி எவ்வளவு என்று நமக்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொள்வதும் சரியல்ல. சக ஊழியரின் தவறைத் தன்னுடையது என்று சொல்லிக் காப்பாற்றுவது பெருந்தன்மையாகத் தெரியும், ஆனால் உண்மையான காரணம் புதைந்துபோகும். அடுத்த மாதம் அதே தவறு திரும்ப வரும். தன் பங்கு எவ்வளவோ அவ்வளவைச் சரியாகச் சொல்ல வேண்டும்: “தேதியைச் சரிபார்க்காமல் அனுப்பியது நான். பட்டியலில் தேதி எப்படி மாறியது என்பதைச் சேர்ந்துதான் பார்க்க வேண்டும்.”

உண்மையைச் சொன்னவரையே பலிகடா ஆக்கும் இடங்களும் இருக்கின்றன, அதை மறுப்பதற்கில்லை. அங்கேயும் சீக்கிரம் சொல்வதுதான் பாதுகாப்பு, ஆனால் எழுத்தில், நேரத்தோடு, நடந்ததை மட்டும். “என் கவனக்குறைவு” என்று தனக்கெதிராகத் தானே தீர்ப்பு எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. “இந்தக் கட்டத்தை விட்டுவிட்டேன்” என்பது போதும்.

மறுபுறம், சொல்வதற்கு இடம் அமைத்துத் தருவது மேலே இருப்பவர்களின் வேலை. விமானத் துறையில் 1976 முதல் அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு நடந்துவருகிறது. விமானியோ விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரோ தெரியாமல் செய்த விதிமீறலைப் பத்து நாட்களுக்குள் தானே எழுதிக் கொடுத்தால், பொதுவாக அபராதமும் உரிம முடக்கமும் விதிக்கப்படுவதில்லை. குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் இந்தச் சலுகை இல்லை. அறிக்கையைப் பெறுவது தண்டிக்கும் அமைப்பான எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) அல்ல, நாசா. பெயர், அடையாளம் நீக்கப்பட்ட பிறகே மற்றவர்கள் படிக்கிறார்கள். அஞ்சாமல் சொல்ல வழி செய்துகொடுத்துவிட்டு, அதன்பிறகுதான் நேர்மையை எதிர்பார்க்கிறார்கள்.

ஓர் அலுவலகத்தில் இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். அந்த விலைப்புள்ளிச் செய்தி வந்ததும் மேலாளர் கேட்கும் முதல் கேள்வியே போதும். “எப்படி இப்படி விட்டீங்க?” என்று தொடங்கினால், பக்கத்து இருக்கைக்காரரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்; தன் தவறை எப்போது சொல்வது என்பதை அப்போதே முடிவு செய்திருப்பார். “சரி, கஸ்டமர்கிட்ட நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?” என்று கேட்டால், அதையும் அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.