முதலில் ஒரு கண்ணாடி டம்ளர்

தண்ணீர் சரியில்லை என்று யார் புலம்பினாலும் நான் முதலில் கேட்பது ஒரு கண்ணாடி டம்ளரைத்தான். குழாயில் பிடித்ததும் பால்போல் வெளுத்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி; விட்டுவிடலாம். பிடித்தபோது தெளிவாக இருந்து, வைத்த சிறிது நேரத்தில் மஞ்சளாகிப் பழுப்பு வண்டல் படிந்தால் இரும்பு. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் துருவாகிவிடுகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் வெள்ளைத் துணியில் கறை விழும். அந்தக் கறையைப் போக்க பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. குளோரின் அதை இன்னும் அழுத்தமாகப் படிய வைக்கும்.

அழுகிய முட்டை நாற்றம் எங்கள் வீட்டில் வெந்நீரில் மட்டும் அடித்தது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவச் சொன்னார்கள். பச்சைத் தண்ணீர் நாறவில்லையே, தொட்டி என்ன பாவம் செய்தது? ஹீட்டருக்குள் துருவைத் தடுக்க மெக்னீசியம் தண்டு ஒன்று இருக்கும். அதுவும் நீரிலுள்ள சல்பேட்டும் ஒருவகை பாக்டீரியாவும் சேர்ந்தால் அந்த நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். அலுமினியம், துத்தநாகம் கலந்த தண்டை மாற்றிப் போட்டதும் நாற்றம் போய்விட்டது.

கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கா? பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகர் ஊற்றினால் நுரைத்துக் கரையும்.

டி.டி.எஸ். மீட்டரை நீட்டி, "தண்ணீர் சுத்தம்" என்பவர்களிடம்தான் எனக்குப் பொறுமை இல்லை. கரைந்த உப்பின் அளவைத்தான் அது காட்டும். கிருமி இருக்கிறதா என்று அறிய ஆய்வகத்தில் கோலிஃபார்ம் என்னும் பாக்டீரியாவுக்கான சோதனை செய்ய வேண்டும்.