காலை 5.40 மணிக்கு மட்டும் வந்த சத்தம்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தினேன். முதலில் கர்ர்ர் என்று ஃபேன் உறுமியது. அதோடு சேர்ந்து ஒரு "டிக்". ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. ங்ஙூம்ம் என்று ஏதோ சுழன்று எழுந்தது, மறுபடி "டிக்". விண்டோஸ் பாதி எழுந்த நிலையில் திரை கறுத்தது. தானாகவே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

உள்ளே இருந்து அத்தை குரல் கொடுத்தார். "பல்லி சொல்லுது கண்ணு. எந்தப் பக்கம்னு பாரு."

சுவரைப் பார்த்தேன். பல்லி இல்லை. சத்தம் மேஜைக்கு அடியிலிருந்துதான் வந்தது.

நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போட்டோகிராபர்கள் படங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் படங்கள் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் எனக்கு நல்ல வேலை நேரம். இரண்டு வருடக் கல்யாணங்கள் ஒரே 4 டிபி ஹார்டு டிஸ்கில் இருந்தன. "டிக்" சத்தம் கேட்டால் ஹார்டு டிஸ்க் சாகப்போகிறது என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அன்று காலை எனக்குப் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை.

மார்கழி முற்றியபோது தினமும் இதே கதையானது. ஒரு நாள் சேமித்துக்கொண்டிருக்கும்போதே அணைந்து, ஒரு முகூர்த்தப் பக்கம் பாழானது. தாலி கட்டும் படங்களை அடுக்கி அரை நாள் உட்கார்ந்து செய்த பக்கம் அது. ஃபைல் திறக்கவே இல்லை.

கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். நான் போனபோது மணி பன்னிரண்டு, நல்ல வெயில். அங்கே போட்டால் ஒரு சத்தமும் இல்லை, மணிக்கணக்கில் ஓடியது. நான் வாயால் செய்து காட்டிய சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஹார்டு டிஸ்க் போச்சுக்கா. மலையில காத்து கம்மி, இங்க டிஸ்க் ரொம்ப நாள் தாங்காது. கோயம்புத்தூர் அனுப்பி டேட்டா எடுக்கணும்னா பதினஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள்.

அந்தக் "காத்து கம்மி" என்ற பேச்சை என்னால் விட முடியவில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஹார்டு டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. படிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடுவதில்லை; சுழற்சியில் எழும் காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. காற்று மெலிந்தால் மிதப்பும் தாழும். ஆனால் டிஸ்க் செய்கிறவர்களே உயர வரம்பு கொடுக்கிறார்கள். என் டிஸ்குக்கு 3,048 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர்தான். தொட்டபெட்டா உச்சியிலேயே கொண்டுபோய் வைத்தாலும் 2,637 மீட்டர். காற்றின் மேல் பழி போட வழியில்லை.

டிஸ்கை வெளியே அனுப்பும் முன் நானே ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சூடாகி அணைகிறதோ என்று முதலில் பார்த்தேன். தூசி தட்டியாயிற்று, பிராசஸர் சூடு 34 டிகிரிதான். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டேன். சத்தம் போகவில்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற மென்பொருளைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் ஒரு பிழைகூட இல்லை. சரி, ரேம் நல்ல ரேம் என்று அதிலிருந்து வெளியே வந்து விண்டோஸைத் தொடங்கினேன். மணி 5.50. ஒரு "டிக்"கூட இல்லை. அன்று முழுக்க ஒழுங்காக ஓடியது. அப்போது அதன் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது ஈவென்ட் வியூவரைத் திறந்தபோது. விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் அங்கே குறித்து வைக்கிறது. ஒழுங்காக அணைக்காமல் கம்ப்யூட்டர் விழுந்து எழுந்தால் "கெர்னல் பவர் 41" என்று சிவப்பாக ஒரு வரி விழும். என் பட்டியலில் அப்படி முப்பதுக்கு மேல் இருந்தன. அவற்றின் நேரத்தை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். 5.43, 5.46, 6.02, 5.51, 7.10. எல்லாம் விடிகாலை. மதியம் ஒன்று இல்லை, இரவு ஒன்று இல்லை. ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு மதியம் இரண்டு மணிக்கு வேலையை ஆரம்பித்த நாளில் ஒன்றுமே இல்லை.

நாங்கள் இருப்பது காந்தல். ஊட்டியில் உறைபனி கொட்டும் இடங்கள் என்று சொல்லும்போது தலைக்குந்தாவோடு எங்கள் ஊரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். தை முடியும்வரை விடிகாலையில் புல் வெள்ளையாக இருக்கும், ஸ்கூட்டர் சீட்டைச் சுரண்ட வேண்டும். மேஜை இருக்கும் அறை வடக்குப் பார்த்த அறை. குளிர்தான் காரணமோ என்று அப்போதுதான் முதல் முறையாக நினைத்தேன். கம்ப்யூட்டருக்குச் சூடுதான் எதிரி என்று எங்கும் படித்துப் படித்து, குளிர்ந்தால் நல்லது என்றே இருந்துவிட்டேன்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. விடிகாலையில் ஊரே ஹீட்டரும் கீசரும் போடும், வோல்டேஜ் இறங்கும். அதனால் விழுகிறதோ? என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், அவரிடம் மல்டிமீட்டர் உண்டு. சுவர் பிளக்கில் 214 வோல்ட் இருந்தது. அது போதும். தவிர, மெம்டெஸ்ட் ஓடிய மறுநாள் காலையிலும் ஊர் ஹீட்டர் போட்டுத்தானே இருந்தது. அன்று ஏன் விழவில்லை? ராத்திரி முழுக்க ஓடிக் கேபினெட் உள்ளுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. வித்தியாசம் அது ஒன்றுதான்.

மறுநாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தலை காயவைக்கும் ஹேர் டிரையரால் கேபினெட்டின் பின்பக்கம் பத்து நிமிடம் சூடான காற்றைக் காட்டினேன். பிறகு பிளக்கைச் சொருகிப் போட்டேன். "டிக்" இல்லை. அடுத்த நாள் சூடு காட்டாமல் போட்டேன், நாலு "டிக்", இரண்டு முறை விழுந்தது. அதற்கடுத்த நாள் சூடு காட்டினேன், சத்தமே இல்லை. அத்தை கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

இனி எது என்று பிடிக்க வேண்டும். நீள ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியைக் காதில் வைத்து, நுனியை டிஸ்கின் மேலட்டையில் மெதுவாக ஊன்றினால் சத்தம் காதுக்குள் பேசுகிற மாதிரிக் கேட்கும். "டிக்" டிஸ்கிலிருந்துதான். கர்ர்ர் என்கிற உறுமல் பின்பக்க ஃபேன். படங்களை ஏற்றுமதி செய்யும்போது கொசு மாதிரி ஒரு கீச்சு கேட்கும். அது கிராபிக்ஸ் கார்டின் சுருள் அதிர்வது, அதனால் கெடுதல் இல்லை.

டிஸ்கின் உடல்நிலையை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தேன். கெட்டுப்போய் மாற்றி எழுதப்பட்ட செக்டர், அதாவது தட்டில் தகவல் எழுதும் சிறு கட்டம், பூஜ்யம். சந்தேகத்தில் நிற்கும் செக்டர் பூஜ்யம். கேபிள் பிழை பூஜ்யம். ஆனால் சி0 என்ற வரியில் எண்ணிக்கை 143. மின்சாரம் திடீரென்று போனதால் முனையை அவசரமாக ஓரத்துக்கு இழுத்துக்கொண்ட தடவைகள் அவை. மறுநாள் 146. டிஸ்க் சாகவில்லை. கரண்டு காலை வாரும் ஒவ்வொரு முறையும் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அந்தச் சத்தம்தான் "டிக்". அதைப் படித்த நிமிடம் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கரண்டு கொடுப்பது எஸ்எம்பிஎஸ், சுவர்க் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற சின்ன வோல்டேஜாக மாற்றும் பெட்டி. டிஸ்கைச் சுழற்றுவது அதன் 12 வோல்ட், மஞ்சள் கம்பி. அது 11.4க்குக் கீழே போகக் கூடாது என்பது கணக்கு. சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு பவர் பின்னில் மஞ்சளிலும் கறுப்பிலும் மீட்டர் முனைகளை வைத்து என் வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ள, நான் பட்டனை அழுத்தினேன். டிஸ்க் எழும்போது 11.1. "டிக்". ஒரு மணி நேரம் கழித்து 11.9, அசையவில்லை.

குளிரில் மட்டும் ஏன் என்பதற்கு விடை எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியிலேயே இருந்தது. இந்த ஊரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைக்காமல் தலைக்குத் தேய்க்க முடியாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் உருளை வடிவக் கெபாசிட்டர்கள் உள்ளே ஈரத்தோடு இருக்கின்றன. மின்சாரத்தை ஒரு நொடிப் பொழுது தாங்கிப் பிடித்து நிரவிக் கொடுப்பது அவற்றின் வேலை, அதற்கு அந்த ஈரம் வேண்டும். குளிர்ந்தால் அந்த ஈரம் தடித்து மந்தமாகும், மின்தடை ஏறும். புதிய கெபாசிட்டர் அதைத் தாங்கும். ஏழு வருடம் உழைத்து உள்ளே காய்ந்தது தாங்காது. ஓடி ஓடிச் சூடானதும் இளகி, ஒன்றும் நடக்காததுபோல் வேலை செய்யும். கடைக்காரர் கண்ணுக்கு எதுவும் தென்படாதது இதனால்தான்.

எஸ்எம்பிஎஸ்ஸை நான் திறக்கவில்லை, நீங்களும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கலாம். தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் தம்பி ஒருவர் திறந்து காட்டினார். "பாருங்கக்கா, எப்படி உப்பியிருக்குன்னு." மூன்று கெபாசிட்டர்களின் தலை பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. ஒன்றின் அடியில் காப்பிக் கறை போலப் பழுப்பு நிறம்.

புதிய எஸ்எம்பிஎஸ் போட்டு இன்றோடு பத்தொன்பது நாள். நேற்றைக்கு முந்தின நாள் புல்லெல்லாம் வெள்ளை, குழாயில் தண்ணீர் வரவில்லை. 5.40க்குப் போட்டேன். சி0 வரியில் 151 என்று நின்ற எண் இன்றும் 151தான். பின்பக்க ஃபேன் மட்டும் குளிரில் கிரீஸ் இறுகி ஐந்து நிமிடம் உறுமிவிட்டு ஓய்கிறது, அதையும் அடுத்த மாதம் மாற்றிவிடுவேன். இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி எல்லாக் கல்யாணங்களையும் அதிலும் ஏற்றிவிட்டேன். அதற்கு இரண்டு ராத்திரி ஆனது. பாழான முகூர்த்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து செய்து, நேற்று குன்னூருக்கு அனுப்பினேன்.