எலி கேக்கும் ஒரு பை ரத்தமும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல எங்க அரிசி மண்டிக்குப் பின்னாடி குடோன். எலித் தொல்லை தாங்காம போன மாசம் மூட்டை அடுக்குக்குக் கீழ நாலு எலி கேக் வெச்சேன். காலையில மூணுதான் இருந்துச்சு. எலி இழுத்துட்டுப் போயிருக்கும்னு விட்டுட்டேன்.

நாலாம் நாள் எதிர்வீட்டு அக்கா ஜிம்மியைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. 14 கிலோ நாட்டு நாய். ஈறு வெளுத்துக் கிடக்கு, வயித்துல நாவப்பழத்தை நசுக்கின மாதிரி திட்டுத் திட்டா கறுப்பு. இங்க டாக்டர் ஊசி போட்ட இடத்துல பஞ்சை மாத்தி மாத்தி அழுத்தியும் ரத்தம் நிக்கல. "பக்கத்துல யாராச்சும் எலி மருந்து வெச்சீங்களா?"ன்னார். அக்கா இல்லன்னு தலையாட்டினாங்க. எனக்கு வாய் திறக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு.

கடைப் பையன் அட்டையைப் போட்டோ பிடிச்சு அனுப்பினான். புரோமாடியோலோன். ரத்தம் உறையறதுக்கு ஈரல் வைட்டமின் கே வெச்சுத்தான் சில பொருளைச் செய்யுது. இந்த மருந்து அந்த வேலையையே நிறுத்திடும். ஏற்கெனவே உடம்புல இருக்கறது தீர்றவரைக்கும் நாய் நல்லாத்தான் ஓடும். அதனாலதான் மூணு நாள் ஒண்ணும் தெரியல. மாத்து மருந்து வைட்டமின் கே1. ஆனா அதைப் போட்டும் ஈரல் புதுசா செஞ்சு முடிக்க அரை நாளாவது ஆகும். ஜிம்மிகிட்ட அரை நாள் இல்ல.

அந்த இடைவெளிக்குத்தான் பிளாஸ்மா. எடுத்த ரத்தத்தை எந்திரத்துல சுத்தினா சிவப்பு அடியில தங்கி, மேல மஞ்சளா தெளிவு நிக்கும். வடிச்ச கஞ்சி தெளியற மாதிரின்னு வெச்சுக்குங்க. அதை 8 மணி நேரத்துக்குள்ள பிரிச்சு உறைய வெச்சா ஒரு வருஷம் வரை தாங்கும். ரத்தத்தை உறைய வைக்கற பொருளெல்லாம் அந்தத் தெளிவுலதான் இருக்கு. நாய்க்கான ரத்த வங்கி சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில இருக்கு. அவ்வளவு தூரம் ஜிம்மி தாங்காதுன்னார் டாக்டர். "ஜிம்மிக்கு ரத்தமும் குறைஞ்சுபோச்சு. பிரிக்காம முழு ரத்தமாவே ஏத்தலாம். 25 கிலோவுக்கு மேல, தடுப்பூசி போட்ட நாய் கிடைக்குமா?"

எங்க செவலை 28 கிலோ. நாலு வயசு.

பெண்ணையாத்துப் பாலம் தாண்டி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு காரை விரட்டிப் புதுச்சேரி கிளினிக் போய்ச் சேர்ந்தோம். செவலைக்கு உண்ணிக் காய்ச்சல் இருக்கான்னு பார்த்தாங்க, ரெண்டு பேர் ரத்தத்தையும் கலந்து பார்த்தாங்க. நமக்கு இருக்கற மாதிரி அடுத்த வகை ரத்தத்தை எதிர்க்கற பொருள் பொதுவா நாய்க்குப் பிறவியிலேயே பெருசா இருக்காதாம். முதல் தடவை ஏத்தறது பெரும்பாலும் ஒத்துக்குமாம். ரெண்டாவது தடவைதான் கண்டிப்பா பொருத்தம் பார்க்கணுமாம்.

கழுத்துல உள்ளங்கை அகலம் முடியைச் சிரைச்சு, பக்கவாட்டுல படுக்க வெச்சு, கழுத்து நரம்புல ஊசி. நான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன். பை மனுஷங்களுக்கு வெக்கற அதே 350 மில்லி பைதான். ஒரு பொண்ணு அதைச் சின்னத் தராசுல வெச்சு மெதுவா ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. தராசைப் பார்த்தா என் கண்ணு சும்மா இருக்குமா? பையோட எடை கழிச்சு 370 கிராம் ஏறினதும் நிறுத்தினாங்க. தண்ணியைவிட ரத்தம் கனம்.

செவலை உறுமல. என் சட்டைப் பொத்தானை நக்கிக்கிட்டே கிடந்தான். தானம், தானம்னு அங்க எல்லாரும் சொன்னாங்க. அவனை யாரு கேட்டா? கொண்டுபோய்ப் படுக்க வெச்சவன் நான்.

ஜிம்மிக்கு முதல் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டா விட்டு, தடிப்பு, வாந்தி வருதான்னு பார்த்து, அப்புறம் வேகத்தைக் கூட்டினாங்க. ராத்திரி பத்து மணிக்கு ஊசி போட்ட இடம் காய்ஞ்சிருந்துச்சு.

கே1 மாத்திரை நாலு வாரம். கொழுப்போட குடுத்தாத்தான் உடம்புல சேரும்னதால அக்கா நெய் சோத்துல வெச்சுக் குடுக்கறாங்க. நெய் என் செலவு. கேக்கு என்னோடதுன்னு திரும்பி வரும்போது கார்லயே சொல்லிட்டேன். கிருமாம்பாக்கம் வரைக்கும் அக்கா ஒண்ணும் பேசல. அப்புறம், "மீதி மூணையும் எடுத்துட்டியா தம்பி?"ன்னு மட்டும் கேட்டாங்க.

எடுத்துட்டேன். குடோன்ல இப்ப எலிப்பொறிதான். செவலை கழுத்துல முடி இன்னும் முழுசா முளைக்கல.