ஆறாம் மாதத்திலிருந்து

2024 ஜூன் 12
ஹீமோகுளோபின் 10.4. மார்ச்சில் 11.9 இருந்தது.

ஜூன் 14
முருங்கைக்கீரையும் பேரீச்சையும் தின்று, இரும்புச்சத்து மாத்திரையையும் தவறாமல் விழுங்குகிறவளுக்கு ரத்தம் எப்படிக் குறையும் என்று இரண்டு நாட்களாக மனம் அதையே சுற்றி வந்தது. இன்று மருத்துவரிடம் கேட்டேன். ரத்தம் குறையவில்லை, கூடியிருக்கிறது என்றார். பிரசவம் நெருங்குவதற்குள் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுமாம். ஆனால் அதிலுள்ள நீர்ப்பகுதி பெருகும் வேகத்துக்குச் சிவப்பணுக்கள் பெருகாததால், தண்ணீர் விட்ட பாலைப்போல ரத்தம் நீர்த்துத் தெரிகிறது. பிரசவத்தில் இழக்கப்போகும் ரத்தத்துக்கு உடல் இப்போதே செய்துவைக்கும் சேமிப்பு அது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, காப்பியோடு சேர்த்து விழுங்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். காப்பியோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 21
செருப்பு சேரவில்லை.

ஜூன் 30
சளி இல்லாமலே மூக்கு அடைக்கிறது. பல் துலக்கினால் ஈறு கசிகிறது. இரண்டும் இந்தக் காலத்தில் வழக்கம்தானாம்.

ஜூலை 9
பூசையறையில் யாரும் இல்லாதபோது திருநீற்றை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தாலும் மறுபடியும் எடுத்தேன். அம்மா அடுப்புச் சாம்பல் தின்றாளாம். அதை மசக்கை என்று சிரித்து விட்டுவிட்டார்கள். மண், சாம்பல் மீது ஆசை வருவதற்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்ததும் மறுபடியும் அந்த 10.4 நினைவுக்கு வந்துவிட்டது.

ஜூலை 23
எழுபது கிராம் அளவில் இருந்த கருப்பை, உள்ளிருக்கும் குழந்தையைச் சேர்க்காமலே, பிரசவ நேரத்தில் ஒரு கிலோவை எட்டிவிடும். அது மேலேற ஏற உதரவிதானம் உயர்ந்து, இதயமும் சற்று மேலாகவும் இடப்புறமாகவும் நகர்ந்துகொள்கிறது. மாடிப்படியில் மூச்சு வாங்கும்போதெல்லாம், இடம் மாறிய அந்த இதயத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 3
உறக்கம் இல்லை.

ஆகஸ்ட் 18
கருவின் செல்கள் சில தாயின் ரத்தத்தில் கலந்து, அங்கேயே தங்கிவிடுவது உண்டு. மகனைப் பெற்று 27 ஆண்டுகள் கழிந்த ஒரு பெண்ணின் ரத்தத்திலும் அத்தகைய செல்களைக் கண்டதாக 1996இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. பிறக்காமல் போன கருவின் செல்களும் தாயின் ரத்தத்தில் கலப்பது உண்டாம். மூன்று ஆண்டுகளுக்கு முன், பதினோராவது வாரத்தில். இதை அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30
வளைகாப்பு. விரல்கள் வீங்கியிருந்ததால் வழக்கமான அளவு வளையல் ஏறவில்லை. சோப்பு நுரை போட்டும் இரண்டு உடைந்தன. அத்தை முகம் வாடியது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வளையலோசை குழந்தைக்குக் கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சன்று, இந்த மாதத்தில் அதற்குக் காது கேட்கும். “தலைச்சன் பிள்ளையா?” என்று சந்தனம் பூசிய ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். அதன்பின் நெடுநேரம் கைகளை அசைக்காமல் வைத்திருந்தேன்.

செப்டம்பர் 11
10.9!
காலில் வீக்கம் இருந்தாலும் ரத்த அழுத்தம் 118/76. என்னைச் சுமந்தபோது ஆறாம் எண் செருப்பிலிருந்து ஏழுக்கு மாறிய அம்மாவின் பாதம் பிறகு சுருங்கவே இல்லையாம். மூட்டு இணைப்புகள் தளர்ந்து, உடல் எடையும் கூடுவதால் பாதத்தின் வளைவு தட்டையாகிப் பாதம் நீண்டுவிடுகிறது. பழைய செருப்பை இன்னும் வாசலிலேயே வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 24
மாலையிலிருந்து அசைவைப் பத்து வரை எண்ணுகிறேன். இன்று ஏழு. இடப்புறம் ஒருக்களித்துப் படுத்து மறுபடியும் எண்ணச் சொன்னார்கள். எட்டு.