ஜி4-இல் கம்பைல் செய்யும் குன்னூர், கோத்தகிரி நண்பர்களுக்கு

பழைய ஆப்பிள் கணினிகளில் இருக்கும் ஜி4, பவர்பிசி 32 பிட் வகைச் சிப். இந்த வகைக்கான அதிகாரபூர்வ ஆதரவை டெபியன் லினக்ஸ் 2017-இல், 9-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. ரேம் 1 ஜிபிதான் என்றால் கம்பைலை நடத்தும் 'make' கட்டளைக்கு ஒரே ஜாப் (ஒரு நேரத்தில் ஒரு வேலை) கொடுங்கள். கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில் '__அடாமிக்_லோட்_8' (__atomic_load_8) இல்லை என்று வந்தால், லிப்அடாமிக் (libatomic) நூலகத்தை லிங்க் வரியின் கடைசியில் சேருங்கள். இந்தச் சிப்பில் 64 பிட் அடாமிக் கட்டளை (இடையில் குறுக்கீடு இல்லாமல் ஒரே வீச்சில் முடியும் கட்டளை) கிடையாது.

ஆளை உண்மையிலேயே சுற்றவிடுவது வேறு. பிழையே இல்லாமல் கம்பைல் ஆகும், ஓடவிட்டால் நிற்காது! பவர்பிசி லினக்ஸில் சி மொழியின் 'கேர்' (char) வகை குறியற்றது, அதாவது எதிர்ம எண்ணை ஏற்காது. கட்டளை வரியின் விருப்பங்களைப் படிக்கும் கெட்ஆப்ட் (getopt), எல்லாம் முடிந்ததும் தரும் -1 அதில் 255 ஆகிவிடும், லூப் முடியாது. அந்த மாறியை 'இன்ட்' (int) ஆக்குங்கள், அந்தத் திருத்தத்தை (பேட்ச்) மென்பொருளை எழுதிய மூலத் திட்டத்துக்கே அனுப்புங்கள்.

மழைக்காலத்தில் நம் மலையில் கரண்டை நம்ப முடியாது. கம்பைல் முடிந்தவற்றைச் சேமித்துவைக்கும் சிகேச் (ccache) போட்டுவையுங்கள். பில்டு முதலிலிருந்து ஆரம்பித்தாலும் முடிந்த கோப்புகள் கேச்சிலிருந்தே வந்துவிடும்.